எட்ட நின்னு அடி... கிட்ட வந்தா புடி!

உங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு டேப் இருந்தா எடுங்க பாஸ். சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுசா விரிச்சு வையுங்க. பக்கத்து ரூம் நண்பனைக் கூப்பிட்டு, இந்தக் கை நடுவிரல் நுனியில் ஆரம்பித்து அந்தக் கை நடுவிரல் நுனி வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு கிட்டத்தட்ட நம்ம உயரம்தான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கு பாக்ஸிங்கில் 'ரீச்' என்று பெயர். போட்டி தொடங்கும் முன் டி.வி.யில் வயசு, எடை, உயரம் என்று வரிசையாக ஓடுமே, அதில் இதுவும் ஒரு வரி. நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் அந்த வரியை வைத்தே ஒரு மனிதர் ஒன்பதரை வருஷம் உலகத்தை ஆண்டார்.

அவர் விளாடிமிர் கிளிட்ச்கோ. உக்ரைன்காரர். உயரம் 198 சென்டிமீட்டர், நம்ம கணக்கில் 6 அடி 6 அங்குலம். ரீச் 206 சென்டிமீட்டர். எடை சுமார் 110 கிலோ. நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் ஏறினால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டேதான் பயணம் செய்ய வேண்டியிருக்கும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம். 2006 ஏப்ரல் முதல் 2015 நவம்பர் வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன். அந்த ஒரே ஓட்டத்தில் 18 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். விளையாட்டு அறிவியலில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். அதனால் செல்லப்பெயர் 'டாக்டர் ஸ்டீல்ஹாமர்'. டாக்டர் இரும்புச் சுத்தியல்!

"இவ்ளோ உயரம் இருந்தா நான்கூடத்தான் ஜெயிப்பேன்"னு கடைசி பெஞ்ச்சில் இருந்து ஒரு குரல் கேக்குதே? இருங்க. உங்களுக்கு நிகோலாய் வாலுயேவைத் தெரியுமா? ரஷ்யாக்காரர். 7 அடி. ரீச் 216 சென்டிமீட்டர். அவரும் உலக சாம்பியனாக இருந்தவர்தான். 2009 நவம்பரில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் 6 அடி 3 அங்குல டேவிட் ஹே என்ற இங்கிலாந்துக்காரர், அந்த மலையைச் சுற்றிச் சுற்றி ஓடி, நடுநடுவே குத்தி, பாயின்ட்டில் தோற்கடித்து பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாலுயேவுக்கு நீளம் இருந்தது. அதை எங்கே, எப்போது நீட்டுவது என்பதுதான் வரவில்லை.

அதே டேவிட் ஹே 2011 ஜூலையில் ஹாம்பர்க்கில் கிளிட்ச்கோவிடம் வந்தார். வருவதற்கு முன் பேசிய பேச்சு இருக்கே, அப்பப்பா! 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களும் கிளிட்ச்கோவுக்கே தீர்ப்பு எழுதியிருந்தார்கள். 117-109, 118-108, 116-110. ஒருத்தர்கூட நெருக்கமாகப் போடவில்லை. போட்டி முடிந்ததும் ஹே தன் கால் சுண்டுவிரலைக் காட்டி, 'இது உடைஞ்சிருந்துச்சு' என்றார். இன்றைக்கும் பாக்ஸிங் ரசிகர்கள் அந்தச் சுண்டுவிரலை வைத்து ஓட்டுகிறார்கள்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஹேயின் ரீச் 198 சென்டிமீட்டர். கிளிட்ச்கோவுக்கு 206. வித்தியாசம் 8. ஆனால் ரீச் என்பது இரண்டு கையும் மார்பும் சேர்ந்த அளவு. குத்துவது ஒரு கையால்தானே? அப்படிப் பார்த்தால் ஒரு கைக்கு 4 சென்டிமீட்டர். உங்க கட்டைவிரலைப் படுக்க வைத்து அளந்தால் இரண்டு விரல் அகலம். இந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒரு உலக சாம்பியன் 36 நிமிஷம் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார் என்றால், மிச்ச தூரம் எங்கிருந்து வந்தது?

அதைச் சொல்ல, கிளிட்ச்கோ தோற்ற கதைகளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கண்ணாடித் தாடை

1998 டிசம்பர், கீவ் நகரம். சொந்த ஊர் ரசிகர்கள். அதுவரை ஆடிய 24 போட்டியிலும் வெற்றி. எதிரே ராஸ் ப்யூரிட்டி என்கிற அமெரிக்கர், ஏற்கெனவே பல தோல்விகளைப் பார்த்தவர். யாரும் அவரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நம்ம ஆள் ஆரம்பத்தில் இருந்தே குத்து குத்து என்று குத்தித் தீர்த்தார். ப்யூரிட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். 11-வது ரவுண்டில் கிளிட்ச்கோவிடம் மூச்சு இல்லை, பெட்ரோல் காலி. போட்டியை நிறுத்திவிட்டார்கள்.

2003 மார்ச், ஹனோவர். கோரி சாண்டர்ஸ் என்ற இடதுகைத் தென்னாப்பிரிக்கர். இரண்டே ரவுண்டு, நான்கு முறை கீழே விழுந்தார் கிளிட்ச்கோ. அவ்வளவுதான்.

2004 ஏப்ரல், லாஸ் வேகாஸ். லேமன் ப்ரூஸ்டர். நாலாவது ரவுண்டில் ப்ரூஸ்டரைக் கீழே தள்ளியவர், அஞ்சாவது ரவுண்டில் தானே தள்ளாடி, ரவுண்டு முடியும் நேரத்தில் சரிந்தார். மூன்றாவது தோல்வி.

பத்திரிகைகள் விடவில்லை. 'கண்ணாடித் தாடை' என்று எழுதின. தாடையில் ஒண்ணு பட்டா சில்லு சில்லாகிவிடும் என்று அர்த்தம். அண்ணன் விட்டாலியும் ஹெவிவெயிட் சாம்பியன், பிறகு 2014-ல் கீவ் மேயர் ஆனவர். அந்த அண்ணனே 'போதும், விட்டுடு' என்றார். வீட்டுக்குள்ளேயே ஒரு சாம்பியன் உட்கார்ந்துகொண்டு 'உனக்கு இது சரிப்படாது'ன்னு சொன்னா எப்படி இருக்கும் யோசிச்சுப் பாருங்க.

ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி பேசினார். எமானுவேல் ஸ்டூவர்ட். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 'க்ராங்க்' என்ற புகழ்பெற்ற ஜிம்மை நடத்தியவர். ப்ரூஸ்டர் போட்டிதான் அவர் கிளிட்ச்கோவுக்குப் பயிற்சியாளராக நின்ற முதல் போட்டி. ஜாயின் பண்ணின முதல் நாளே கம்பெனி மூழ்கின மாதிரி! ஆனால் ஸ்டூவர்ட் ஓடவில்லை. இந்த ஆள் மறுபடி சாம்பியன் ஆவார் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அதற்குக் காரணம் இருந்தது. உயரமானவர்களை வைத்து வேலை வாங்குவதில் ஸ்டூவர்ட் கில்லி. 6 அடி 5 அங்குல லெனாக்ஸ் லூயிஸ் 1994-ல் ஸ்டூவர்ட்டின் சிஷ்யர் ஆலிவர் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன்னை வீழ்த்தியவரின் குருவையே தனக்குக் குருவாக்கிக்கொண்டார். அந்த லூயிஸ்தான் 2002-ல் மெம்பிஸ் நகரில் மைக் டைசனை 8-வது ரவுண்டில் படுக்க வைத்தார். லூயிஸுக்கு ரீச் 84 அங்குலம், டைசனுக்கு 71. அன்றைக்கு டைசன் லூயிஸை நெருங்கவே படாத பாடுபட்டார்.

வேலை இல்லை, ஜாப்!

ஸ்டூவர்ட் கிளிட்ச்கோவை எங்கே பழுது பார்த்தார்? இங்கேதான் விஷயம்.

தாடையை மாற்ற முடியாது. அது அப்பா, அம்மா கொடுத்தது. ஜிம்மில் எத்தனை டம்பெல் தூக்கினாலும் தாடை கெட்டியாகாது. அப்போ ஒரே வழி, அந்தத் தாடைக்குக் குத்தே வராமல் பார்த்துக்கொள்வது. அதற்கு முதல் ஆயுதம் ஜாப். கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்குமே, அந்த ஜாப் இல்லைங்க. முன்னால் இருக்கிற கையால் நேராக, சட்டென்று நீட்டி இழுக்கிற குத்து. கிளிட்ச்கோவுக்கு அது இடது கை.

பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். சினிமா ஹீரோ யாரும் ஜாப் போட்டு வில்லனை அடித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் குறைந்த தூரம் நேர்கோடு என்று ஒன்பதாம் கிளாஸில் படித்தோமே, ஜாப்பின் தத்துவம் அதுதான். வளைத்து வீசுகிற குத்து கிளம்பி வருவதற்குள், நேராகப் போகிற குத்து போய்ச் சேர்ந்துவிடும்.

கிளிட்ச்கோ அதை மூன்று விதமாகப் பயன்படுத்தினார். சில ஜாப் வலிக்கும், மூக்கு உடையும். சில ஜாப் சும்மா தூரம் பார்க்க. 'நீ இங்கே இருக்கே, நான் இங்கே இருக்கேன்' என்று டேப் பிடித்து அளக்கிற மாதிரி. சில ஜாப் எதிராளியின் கண்ணை மறைக்க மட்டும். க்ளவுஸ் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது பின்னாலேயே வலது கை இரும்புச் சுத்தியல் வரும். எது எந்த ஜாப் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயந்தாக வேண்டும்.

இப்போ அந்த இரண்டு விரல் கணக்குக்கு வருவோம். நீங்களே எழுந்து நின்று பாருங்க. நெஞ்சை நேராக வைத்துக் கையை நீட்டினால் ஒரு தூரம். அதே கையை, உடம்பை ஒருக்களித்து, தோளையும் சேர்த்து முன்னால் தள்ளி நீட்டினால்? முழுசா ஒரு ஜாண் கூடும்போல இருக்கும். அதோடு முன்னங்காலை ஒரு அரை அடி எடுத்து வைத்தால் இன்னும் கூடும். குத்திவிட்டு, முன்னங்காலால் தரையை உந்தி பின்னால் வந்தால், எதிராளி பதிலுக்கு வீசும்போது நீங்கள் அங்கே இல்லை. டி.வி. திரையில் காட்டுகிற ரீச் வெறும் எலும்பின் நீளம். கிளிட்ச்கோவின் உண்மையான நீளம் அவர் காலில் இருந்தது.

உயரமானவர்கள் செய்கிற பெரிய தப்பு ஒண்ணு உண்டு. குத்து வந்தால் இடுப்பில் இருந்து பின்னால் சாய்வது. தலை மட்டும் தப்பிக்கும், கால் அங்கேயே இருக்கும், பேலன்ஸ் போய்விடும். இரண்டாவது குத்து வரும்போது பனைமரம் சாய்கிற மாதிரிதான். சாயாமல் காலால் பின்வாங்க வேண்டும். ஸ்டூவர்ட் பேலன்ஸ் பேலன்ஸ் என்று திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டது இதற்குத்தான்.

சரி, இத்தனையும் தாண்டி ஒருத்தர் உள்ளே புகுந்துவிட்டால்? அங்கேதான் நம்ம வசூல்ராஜா ஸ்டைல் கட்டிப்புடி வைத்தியம். கிளிட்ச்கோ எதிராளியின் இரண்டு கைகளையும் தன் கக்கத்தில் இடுக்கி, தன்னுடைய 110 கிலோவையும் அவர் கழுத்து மேல் போட்டு அழுத்துவார். ரெஃப்ரி வந்து பிரித்துவிடுவார். பிரிந்ததும் பழையபடி தூரத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எதிராளி பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு உள்ளே வந்தது வீண். போதாக்குறைக்கு ஒரு மூட்டையைச் சுமந்த களைப்பு. இதை 12 ரவுண்டு செய்தால் கால் என்னத்துக்கு ஆகும்?

இந்தப் பாடம் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2005 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் நைஜீரியாவின் சாமுவேல் பீட்டர். அதுவரை தோற்காதவர். இடித்தால் சுவர் இடியும். அவர் கிளிட்ச்கோவை மூன்று முறை கீழே தள்ளினார். பழைய கிளிட்ச்கோவாக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து, பதற்றத்தில் பதிலுக்குப் பாயாமல், மறுபடி இடது கையை நீட்டி, மறுபடி தூரத்தைப் பிடித்தார். 12-வது ரவுண்டில் தள்ளாடியது பீட்டர்தான். மூன்று நடுவர்களும் 114-111 என்று கிளிட்ச்கோவுக்குப் போட்டார்கள். விழுந்தவர் ஜெயித்தார். என்னைக் கேட்டால், அவருடைய பெல்ட் எல்லாவற்றையும்விட அந்த ஒரு ராத்திரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்த வருஷமே க்ரிஸ் பைர்டை ஏழாவது ரவுண்டில் நிறுத்தி சாம்பியன் ஆனார். 2007-ல் அதே ப்ரூஸ்டர் மறுபடி வந்தார். ஆறு ரவுண்டு முழுக்க ஜாப் வாங்கியே சலித்துப் போய், ஏழாவதுக்கு எழுந்து வரவில்லை.

செம மொக்கை!

இனி கசப்பான பகுதி.

2008 பிப்ரவரி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பாக்ஸிங்குக்கு அது லார்ட்ஸ் மைதானம் மாதிரி. எதிரே இன்னொரு பட்டம் வைத்திருந்த சுல்தான் இப்ராகிமோவ், இடதுகைக்காரர். கிளிட்ச்கோ தன் இடது கையை நீட்டி, இப்ராகிமோவின் முன்னங்கையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தார். பூனை நூல்கண்டைத் தட்டுமே, அந்த மாதிரி. 12 ரவுண்டு! நடுவர்கள் மூவரும் கிளிட்ச்கோ பக்கம். கூட்டம்? 'பூ...' என்று கத்தித் தீர்த்தது. ஜெயித்தவருக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

2010 மார்ச்சில் டுசல்டோர்ஃபில் எடி சேம்பர்ஸோடு போட்டி. ரவுண்டுக்கு ரவுண்டு கிளிட்ச்கோ முன்னிலை. ஆனால் முடிக்க மாட்டேன் என்கிறார். கார்னரில் ஸ்டூவர்டே கடுப்பாகிவிட்டார். இவ்வளவு ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுத்த அதே மனிதர், 'போய் அடிப்பா' என்று கத்த வேண்டியதாகிவிட்டது. கடைசி ரவுண்டு முடிய அஞ்சு செகண்டு இருக்கும்போது ஒரு இடது ஹூக்... சேம்பர்ஸ் சரிந்தார். இந்தக் குத்து இத்தனை நேரம் எங்கே சார் இருந்துச்சு?

அது பயத்தின் பின்னால் இருந்தது என்றே நினைக்கிறேன். மூன்று முறை வெளிச்சம் அணைந்த ஒரு மனிதர், வெளிச்சம் இருக்கும்போதும் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்பார் இல்லையா? அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் 2013 அக்டோபரில் மாஸ்கோவில் அலெக்ஸாண்டர் பொவெட்கினை நான்கு முறை கீழே தள்ளி, 119-104 என்று மூன்று நடுவர்களிடமும் அள்ளிக் குவித்த பிறகும், ரசிகர்கள் பேசியது அவர் எத்தனை தடவை கட்டிப்பிடித்தார் என்பதைத்தான். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் போட்டியை முழுசாகப் பார்க்க எனக்கு இரண்டு டீ தேவைப்பட்டது.

ஸ்டூவர்ட் அதற்கு முந்தைய வருஷமே, 2012 அக்டோபரில் காலமாகிவிட்டார். 'போய் அடி' என்று கத்த ஆள் இல்லை.

நீளத்துக்கு நீளம்

2015 நவம்பர் 28. மறுபடி டுசல்டோர்ஃப். எதிரே டைசன் ஃபியூரி. 6 அடி 9 அங்குலம். ரீச் 85 அங்குலம், அதாவது 216 சென்டிமீட்டர். தன்னைவிட மூன்று அங்குலம் உயரமாக, நாலு அங்குலம் நீளமாக ஒருத்தர்!

ஃபியூரி கையைத் தொங்கப் போட்டார். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது பக்கம் திரும்பி நின்றார், இடது பக்கம் மாறி நின்றார். குத்துவது போலத் தோளை ஆட்டிவிட்டு குத்தாமல் போனார். கிளிட்ச்கோவின் டேப் வேலை செய்யவில்லை. அளக்கும்போதெல்லாம் தூரம் மாறிக்கொண்டே இருந்தால் அவரும் என்ன செய்வார்? தூரம் உறுதியானால்தான் வலது கை வெளியே வரும். அது கடைசி வரை உறுதியாகவே இல்லை. 12 ரவுண்டில், 36 நிமிஷத்தில், கிளிட்ச்கோ போட்டதில் பட்டவை 52 குத்துகள் மட்டுமே. ஃபியூரிக்கு 86. பட்டம் போனது.

கை நீளத்தால் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. வாலுயேவுக்கும் இதே 216 சென்டிமீட்டர்தானே! இதே ஃபியூரியை 2024-ல் உக்ரைனின் ஒலெக்ஸாண்டர் உஸிக் இரண்டு முறை தோற்கடித்தார். அவர் 6 அடி 3 அங்குலம்தான். கிளிட்ச்கோவின் நாட்டுக்காரரே வந்து பழி தீர்த்த மாதிரி ஆனது தனிக் கதை. அன்று டுசல்டோர்ஃபில் கிளிட்ச்கோவைக் கட்டிப்போட்டது, சரியான தருணம் வரும் வரை காத்திருக்கும் அவருடைய பழக்கம். பத்து வருஷமாக அவரைக் காப்பாற்றிய அதே பழக்கம்.

அதற்கு அப்புறம் ஒரே ஒரு போட்டி. 2017 ஏப்ரல் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், 90 ஆயிரம் பேர். கிளிட்ச்கோவுக்கு வயசு 41. எதிரே 27 வயசு ஆன்டனி ஜோஷுவா, அவரும் 6 அடி 6. அஞ்சாவது ரவுண்டில் கிளிட்ச்கோ விழுந்தார். முடிந்தது என்று எல்லோரும் நினைக்க, எழுந்து அதே ரவுண்டில் ஜோஷுவாவைத் திணறடித்தார். ஆறாவது ரவுண்டில் அந்த வலது கை வந்தது. ஜாப்புக்குப் பின்னால் நேராக, ஸ்டூவர்ட் சொல்லிக் கொடுத்தபடி. ஜோஷுவா தரையில்! எழுந்தவரின் கால்கள் ரப்பராக ஆடின. ஒரு பாய்ச்சல் போதும்...

கிளிட்ச்கோ பாயவில்லை. மறுபடி தூரத்துக்குப் போனார். ஜாப் போட்டார். பார்த்தார். காத்திருந்தார். ஜோஷுவாவுக்கு மூச்சு திரும்ப வந்துவிட்டது. 11-வது ரவுண்டில் கீழே இருந்து கிளம்பிய ஒரு அப்பர்கட் கிளிட்ச்கோவின் தாடையை வானத்தைப் பார்க்க வைத்தது. இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் எழுந்தார். மூலையில் வைத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ரெஃப்ரி நடுவில் புகுந்தார்.

நியூயார்க்கில் ஜெயித்தபோது 'பூ' வாங்கியவருக்கு, லண்டனில் தோற்ற அன்று ஊர் கூடிக் கைதட்டியது. ஒப்பந்தத்தில் ஜோஷுவாவோடு மறுபடி மோத அவருக்கு உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தாமல், அந்த ஆகஸ்ட் மாதமே க்ளவுஸைக் கழற்றிவிட்டார்.